பட்டுப் பாவைக்கு ஒரு சோடி

விமான நிலையத்தில் கார் நிறுத்துமிடத்திலிருந்து பயணிகளை டேர்மினலுக்கு ஏற்றிப்போகிற பஸ்ஸை நான் ஓட்டுகிறேன். அதிகாலை ஷிப்ட் என்றால் மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. மனைவிக்குப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் வேலை. அவளுக்கு வேலை முடியும்வரை ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட்டில் பொழுதைப் போக்கி, அவளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவது பல வருடப் பழக்கம். கோப்பிக் கடையில் இருந்தால் தெரிந்தவர் யாராவது வந்து கோயில் நிர்வாகத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பயந்து சாரிட்டிக் கடைக்குள் புகுந்துவிடுவேன். ஆட்கள் வேண்டாமென்று கொடுத்த கோப்பை, கோட்டு, படச்சட்டம் என்று எதையாவது கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். வாங்குவது அரிது.

அந்தப் பெட்டியைக் கண்ட நாளும் அப்படித்தான் உள்ளே போனேன். மரச்சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு சாணுக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு சீனப் பெண் முக்காலியில் இருந்தாள். பச்சை நிறத்தில் நீள அங்கி. அதன்மேல் புகை மாதிரி, சற்று மஞ்சள் பாரித்த ஒரு வெள்ளைச் சால்வை. கன்னத்தில் கையை ஊன்றி, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிற முகம். பெட்டியின் வலது பாதியில்தான் அவள் இருந்தாள். இடது பாதியில் ஒன்றும் இல்லை.

பீங்கான் என்று நினைத்தேன். பெட்டியின் பின்பக்கத்துக் கதவு திறந்திருந்தது. விரலை விட்டுக் கன்னத்தைத் தொடப் போனேன்.

"தொடாதேங்கோ!" என்று கவுண்டரில் நின்ற வெள்ளைக்கார அம்மா சத்தம் போட்டார். அந்தக் கடையில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறவர். ஆங்கிலத்தில்தான் சொன்னார். இந்தக் கதையில் வருகிற பலர் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள், நான் என் தமிழில் எழுதுகிறேன். "அது துணி. பட்டு. முகமும் பட்டு."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மூக்கு, உதடு, கண்ணிமை எல்லாவற்றின் மேலும் மெல்லிய பட்டுத் துணியை இழுத்து ஒட்டி, அதில் தூரிகையால் தீட்டியிருந்தார்கள். நெற்றியோரத்தில் நூலின் இழைகூடத் தெரிந்தது.

ஏன் வாங்கினேன் என்று மகள் இப்போதும் கேட்பாள். பஸ்ஸில் நாள் முழுக்க நான் அறிவிப்புச் சொல்கிறேன். பெட்டியைப் பிடியுங்கள், கதவுக்குப் பக்கத்தில் நிற்காதேயுங்கள், இதுதான் உங்கள் டேர்மினல். ஒருவரும் கேட்பதில்லை. இவள் கேட்கிறாளே என்று நினைத்தேன். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

காரில் ஏறின மனைவி பின்னுக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா உது?" என்றாள்.

"பாவைப்பிள்ளை."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் முன்னுக்குத் திரும்பிப் பெல்ட்டைப் போட்டாள். பிறகு, "சாமித்தட்டுக்குப் பக்கத்திலை வைக்கவேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். மகள் அதைக் கண்டதும், "அப்பா, திஸ் இஸ் சோ க்ரீப்பி" என்று தன் அறைக்குப் போய்விட்டாள். வெய்யில் விழாத இடமாகப் பார்த்து, படிக்கட்டுக்குக் கீழே நடைபாதையில் ஒரு சின்ன மேசை போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தேன்.

பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். பீஜிங்கில் கையால் செய்கிற பாவைகளாம். கம்பிதான் எலும்பு, பஞ்சுதான் சதை, அதன்மேல் பட்டுத்தான் தோல். விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி. தலைமயிர் பட்டு நூல். வெய்யில் பட்டால் வெளிறிவிடும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். அதனால்தான் கண்ணாடிப் பெட்டி. இவற்றைச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய இணையக் குழுவொன்றில் நானும் சேர்ந்தேன். ஒரு வருடத்துக்குள் விசிறியோடு ஆடுகிற ஒருத்தியும், சுரைக்குடுவை பிடித்த ஒரு தாடிக்கிழவரும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருமுறை ஏமாந்தேன். படத்தில் நல்ல வடிவாகத் தெரிந்தவள் பார்சலைப் பிரித்தால் பிளாஸ்டிக் முகமும் நைலோன் உடுப்புமாக இருந்தாள். மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். அதற்குப் பிறகு கைகளைத்தான் முதலில் பார்ப்பேன். ஏமாற்றுகிறவர்கள் விரல்களில் மினக்கெடமாட்டார்கள்.

போன வசந்த காலத்தில் ஒருநாள் முதற்பாவையின் பெட்டியைக் கழற்றித் துடைத்தேன். அடித்தட்டில் ஒட்டியிருந்த மண்ணிறப் பட்டு வெளிறிப்போயிருந்தது. ஆனால் வெறுமையாக இருந்த இடது பாதியில், உள்ளங்கையளவு ஒரு வட்டம் மட்டும் வெளிறாமல் பழைய நிறத்தோடு கிடந்தது. அதன் நடுவில் இரண்டு துளைகள். ஒன்றில் முறிந்த கம்பித் துண்டு நின்றது.

அந்த இடத்தில் இன்னொருத்தி இருந்திருக்கிறாள். யாரோ அவளைப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள்.

படமெடுத்துக் குழுவில் போட்டு, 'இவளுடைய சோடி எப்படி இருந்திருக்கும், யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டேன். பலர் பல மாதிரிச் சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு பெண் எனக்குத் தனியாக எழுதினாள். லண்டனில்தான் இருக்கிறாளாம். 'இது என் அப்பாவிடம் இருக்கிறவளின் சோடி என்று நினைக்கிறேன்' என்று ஒரு படமும் அனுப்பியிருந்தாள். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பெட்டி ஒன்றும் இல்லாமல், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்த ஒரு பாவை. சிவப்பு அங்கி. மடியில் வீணை மாதிரி ஒன்றை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அந்த வாத்தியத்துக்குச் சீனத்தில் பீப்பா என்று பெயர்.

"தண்ணிப் பீப்பாவோ?" என்றாள் மனைவி.

சிரித்தேன். பிறகு எழுந்துபோய், படத்தைப் படிக்கட்டுக்குக் கீழே இருந்தவளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இவள் கேட்டுக்கொண்டிருந்தது அவளுடைய வாசிப்பைத்தான்.

அப்பாவுக்குப் பெட்டியைப் பார்க்க ஆசையாம், தாங்கள் இருக்கிற கிங்ஸ்பரிக்குக் கொண்டுவர ஏலுமா என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். எனக்குப் பெரிதாக விருப்பம் இல்லை. கொண்டுபோனால் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டி நேருமோ என்று பயம். இரண்டு நாள் பதில் போடாமல் இருந்தேன்.

"போய்க் காட்டிப்போட்டு வாங்கோவன்" என்றாள் மனைவி. "போகாட்டி உங்களுக்கு நித்திரை வராது. எனக்கும் வராது, நீங்கள் புரளுறதிலை."

அடுத்த சனிக்கிழமை பெட்டியைப் பழைய போர்வையால் சுற்றி, பின் ஆசனத்தில் பெல்ட் போட்டுக் கட்டி, நோர்த் சேர்குலர் வீதி நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தது எனக்கு எழுதின மகள்தான். முப்பது வயதுக்கு மேலிருக்கும். தகப்பன் எழுபதைத் தாண்டினவர், மெலிந்த சீனர், கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். என்னை உபசரித்துக் கதிரையில் இருத்தினார். பெட்டியை மேசையில் வைத்துப் போர்வையை எடுத்தேன். அவர் பாவையைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பி, பின்சட்டத்தின் மூலையில் இருந்த ஒரு வெட்டைத் தடவினார்.

"இந்த வெட்டு நான் சின்னனிலை போட்டது," என்றார். "எங்கை எடுத்தனீங்கள்?"

"ஹவுன்ஸ்லோவிலை, ஒரு சாரிட்டிக் கடையிலை."

அவருடைய கை பெட்டியிலிருந்து விலகியது. கதிரையில் இருந்தார். மகளிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவளுடைய முகம் மாறியது.

"என்ன?" என்றேன்.

"இது என் மாமியின்ரை," என்றாள் மகள். "அப்பாவின்ரை அக்கா. அவையள் கதைக்கிறதில்லை, ஒன்பது பத்து வருசமாய்."

பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவள் இதைக் குடுக்கமாட்டாள். செத்தால்தான் வீட்டைத் துப்பரவாக்கி இதையெல்லாம் கடைக்குக் குடுப்பினம். எப்ப வாங்கினனீங்கள்?"

சொன்னேன். வாங்கி ஒன்றரை வருடமாகியிருந்தது.

"ஒன்றரை வருசம்," என்றார். முகத்தைத் திருப்பவும் இல்லை, துடைக்கவும் இல்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

ஒரு பொம்மையைக் காட்டப் போன இடத்தில் சாவுச் செய்தி கொண்டுபோனவன் மாதிரி நின்றேன். மகள் உள்ளே போய் மாமியின் பழைய நம்பருக்கு அடித்தாள். உபயோகத்தில் இல்லை என்று சத்தம் வந்தது. பழைய விலாசத்தில் இப்போது வேறு ஆட்கள். அவள் ஏற்கெனவே ஒருமுறை தேடிப் பார்த்திருக்கிறாள், தகப்பனுக்குச் சொல்லவில்லை.

அவள்தான் நடந்ததைச் சொன்னாள். அவளுடைய அப்பம்மா ஹொங்கொங்கிலிருந்து வரும்போது கொண்டுவந்த பெட்டி இது. லண்டனில் குடும்பத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. மேல்மாடியில் வீடு. அப்பம்மா இறந்தபோது அஸ்தியை ஹொங்கொங்குக்குக் கொண்டுபோக வேண்டுமென்று இவர் பிடிவாதமாக நின்றார். இங்கேதான் அடக்கம் செய்யவேண்டும், நினைத்த நேரம் போய்ப் பார்க்கலாம் என்று தமக்கை நின்றார். தமக்கை சொன்னதுதான் நடந்தது. அப்பம்மாவின் வீட்டை ஒதுக்கித் துப்பரவாக்கிய நாளில் இவர் ஆத்திரத்தில் பெட்டியைத் திறந்து, வாசிக்கிறவளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதா, எடுத்துக்கொண்டு வருவதா என்று தெரியவில்லை. பெரியவரே சொன்னார்: "கொண்டு போங்கோ. எனக்கு இதைப் பாக்க ஏலாது."

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேரே அந்தக் கடைக்குப் போனேன். அதே வெள்ளைக்கார அம்மா நின்றார். எத்தனையோ பொருள் வந்து போகிற இடம், ஞாபகம் இருக்குமா என்ற சந்தேகத்தோடு பட்டுப் பாவையைப் பற்றிக் கேட்டேன்.

"ஏன் இல்லாமல்? அந்தச் சீன அம்மாதானே கொண்டுவந்தவ."

"அவ கொண்டுவந்தவவோ? அவவேயோ?"

"பின்னை ஆர்? வியாழக்கிழமையிலை வருவா. ஒவ்வொரு பையாய்க் கொண்டுவருவா, பாரம் தூக்க ஏலாது எண்டு. போன கிழமையும் வந்து, யன்னலிலை துணி அடுக்கின விதம் சரியில்லை எண்டு என்னை ஏசிப்போட்டுப் போனவ."

அங்கேயே, உடுப்புகளுக்கு நடுவில் நின்று கிங்ஸ்பரிக்கு அடித்தேன். மகள் எடுத்தாள். சொன்னேன். அவள் தகப்பனைக் கூப்பிட்டாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அழுகிற சத்தம். கொஞ்சத்தில் அழுகை நின்று, பெரிதாகக் கத்துகிற சத்தம்.

"என்ன நடந்தது?" என்றேன்.

மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "உயிரோடை இருந்துகொண்டே குடுத்திட்டாளோ எண்டு கத்திறார்," என்றாள்.

கடைக்கார அம்மா விலாசம் தரமாட்டேன் என்றார், அது சரிதான். வியாழக்கிழமை வந்து நில்லுங்கள் என்றார். முதல் வியாழன் அந்தச் சீன அம்மா வரவில்லை. அடுத்த வியாழன் நல்ல மழை. இன்றைக்கும் வரமாட்டார் என்று நினைத்தபோது, சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு ஒரு சின்ன உருவம் உள்ளே வந்தது. நிமிர்ந்த முதுகு. நடையில் மட்டும் ஒரு சாய்வு. கடைக்கார அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

நான் கிட்டப் போய், "அந்தப் பட்டுப் பாவையை வாங்கினது நான்தான்," என்றேன்.

"திருப்பி எடுக்கமாட்டினம்," என்றார்.

"இல்லை, திருப்பித் தர வரேல்லை. உங்கடை தம்பி... நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சிட்டார்."

பையின் கைபிடியை இறுக்கிப் பிடித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முழுக்கதையையும் அங்கேயே சொன்னேன். குழுவில் படம் போட்டது, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பைக்குள் சோடி இருக்கிற படம் வந்தது, கிங்ஸ்பரிக்குப் போனது, தம்பி பெட்டியின் மூலையில் இருந்த வெட்டைத் தடவினது எல்லாம். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டார்.

"அழுதவனோ?"

"அப்பிடியே கதிரையிலை இருந்தார். கண்ணாலை ஓடிச்சுது."

"அவன் அப்பிடித்தான் அழுவான். சின்னனிலையும் சத்தம் வராது." பையின் ஈரத்தைக் கையால் தட்டினார். "இப்ப நான் சாகேல்லை எண்டு தெரியுமோ?"

"தெரியும். உயிரோடை இருந்துகொண்டு குடுத்திட்டீங்கள் எண்டு கோவத்திலை இருக்கிறார்."

அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

இடுப்பில் சத்திரசிகிச்சை செய்த பிறகு படி ஏற முடியாமல், லிப்ட் உள்ள ஒரு சின்ன ப்ளாட்டுக்கு மாறியிருக்கிறார். நல்ல இடம்தான், ஆனால் இரண்டு பக்கமும் பெரிய யன்னல். நாள் முழுக்க வெய்யில். வைக்க ஒரு நிழல் சுவர் கிடையாது. "ஒரு கோடையிலை அவளின்ரை சால்வை மஞ்சளாப் போட்டுது. என்னோடை வைச்சிருந்தால் அவள் எரிஞ்சு போவாள். இருட்டு வீட்டுக்காரர் ஆராவது வாங்கட்டும் எண்டு குடுத்தனான்." பிறகு திடீரென்று கேட்டார்: "நீங்கள் எங்கை வைச்சிருக்கிறீங்கள்?"

"படிக்கட்டுக்குக் கீழை. வெய்யில் வராது."

"நல்லது," என்றார். ஏதோ சோதனையில் சித்தியடைந்த மாதிரி இருந்தது எனக்கு.

தம்பியைப் பார்க்க வருவீர்களா என்றேன். கிங்ஸ்பரிக்குப் போகமாட்டாராம், பிடுங்கிக்கொண்டு போனவன்தான் வரவேண்டுமாம். அன்றைக்குப் பின்னேரம் கிங்ஸ்பரிக்கு அடித்துக் கேட்டேன். தமக்கையின் வீட்டுக்குத் தான் போகமாட்டாராம், தன்னிடம் விலாசம் கூடச் சொல்லாமல் வீடு மாறியவளாம். இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல் என்று நான் நடுவில் நின்று காவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சை வரச்சொல்லுங்கோ ரெண்டு பேரையும்," என்றாள். "அவ வீடும் வேண்டாம், அவர் வீடும் வேண்டாமெண்டா எங்கடை வீட்டை வரட்டும். பெட்டி இஞ்சைதானே இருக்கு. நான் ரோல்ஸ் பொரிக்கிறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கலியாண வீட்டுப் பதற்றம். மகள்கூட எழும்பி வந்து நடைபாதையைக் கூட்டினாள். பெட்டியை முன்னறை மேசைக்குக் கொண்டுவந்து, யன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

தமக்கை முதலில் வந்தார். எங்கள் விசிறிக்காரியையும் தாடிக்கிழவரையும் நிதானமாகப் பார்த்து, கிழவரின் காது சரியில்லை என்றார். பிறகு தம்பி மகளோடு வந்தார். கையில் ஒரு பிஸ்கற் ரின். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாசலுக்கும் மேசைக்கும் இடையில் நின்ற நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

"மெலிஞ்சு போனாய்," என்றார் தமக்கை.

"நீ நொண்டுறாய்," என்றார் தம்பி.

அவ்வளவுதான். அவர் ரின்னைத் திறந்தார். துவாய்க்குள் சுற்றி வைத்திருந்தார் வாசிக்கிறவளை. படத்தில் தெரிந்ததைவிட நல்ல சிவப்பு. ஆனால் பிடுங்கிய வேகத்தில் ஒரு கால் கம்பி முறிந்திருந்தது, வலது கையின் இரண்டு விரல்கள் பின்னுக்கு வளைந்து வாத்தியத்தின் நரம்பைத் தொடாமல் நின்றன. தமக்கை மனைவியிடம் புருவம் பிடுங்குகிற சாவணம் இருக்கிறதா என்று கேட்டார். அதை வாங்கி, மூச்சைப் பிடித்தபடி, ஒரு விரலை, பிறகு மற்ற விரலை நரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் மெல்லிய கம்பியொன்றை முறுக்கிக் காலோடு சேர்த்தேன். துளைக்குள் இறக்கும்போது தம்பி, "முன்னுக்குப் பாக்கவேணும்," என்றார்.

"இல்லை. அவளைப் பாக்கவேணும்," என்றார் தமக்கை.

"அம்மா வைச்சிருக்கேக்கை முன்னுக்குத்தான் பாத்தது."

"நீ பிடுங்கேக்கை கண்ணை மூடிக்கொண்டோ பிடுங்கினாய்? அடித்தட்டைப் பார்."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். வெளிறாத வட்டம் சரியான வட்டம் இல்லை. ஒருபக்கம் அங்கியின் நுனி நீண்டு விழுந்த அடையாளம் இருந்தது. அதன்படி வைத்தபோது வாசிக்கிறவளின் முகம் தானாக மற்றவளிடம் திரும்பியது. இத்தனை நாள் வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எதிரில் இப்போது ஒரு ஆள். எங்கள் மகள் என் தோளில் கையைப் போட்டாள்.

"சின்னனிலை நான் மேலை வயலின் பழகுவன்," என்றார் தமக்கை என் மனைவியிடம். "இவன் கீழை கடையிலை இறால் உரிக்கவேணும். உரிக்கமாட்டான். படிக்கட்டிலை வந்து இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். அம்மா இந்தப் பெட்டியைக் காட்டிச் சொல்லுவா, இது நீ, அது உன்ரை தம்பி எண்டு."

தம்பி ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் வாசிப்பாள்," என்றார், தட்டைப் பார்த்தபடி. "ஏன் விட்டாய்?"

"ஆர் விட்டது? இப்பவும் வாசிக்கிறன். பக்கத்து வீட்டுக்காரன் சுவரிலை தட்டுறான்."

நான் பயந்த கட்டம் அதற்குப் பிறகு வந்தது. பெட்டி இனி யாருக்கு? உங்களுடைய அம்மாவின் பொருள், நீங்கள் கொண்டுபோங்கள் என்று நான்தான் சொன்னேன். மனம் முழுக்கச் சம்மதித்துச் சொன்னேன் என்று எழுதினால் பொய். ஆனால் சொன்னேன்.

தன் ப்ளாட்டில் நிழல் இல்லை என்றார் தமக்கை. அப்படியானால் தன்னிடம் தா என்றார் தம்பி. "தொலைக்காட்சிச் சூட்டிலை பிளாஸ்டிக் பைக்குள்ளை போட்டு வைச்சவன் நீ" என்று தமக்கை மறுத்தார். குரல்கள் உயர்ந்தன. பத்து வருடத்துக்குப் பிறகு சந்தித்து ஒரு மணித்தியாலத்தில் திரும்பவும் பிரியப்போகிறார்களோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மனைவி தேத்தண்ணித் தட்டை மேசையில் சத்தத்தோடு வைத்தாள்.

"அது இருக்கிற இடத்திலையே இருக்கட்டும்," என்றாள் ஆங்கிலத்தில், தன் சமையலறைக் குரலில். "பாக்கவேணும் எண்டா ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ. சேந்து வாங்கோ."

தமக்கை என்னைப் பார்த்தார். "அது அவரின்ரை. அவர் வாங்கினது," என்றார். தம்பி தலையை ஆட்டினார். அவ்வளவு லேசில் முடிந்தது.

போகிற நேரம் தமக்கை கோட்டைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "இடுப்புச் செய்த பிறகு அம்மாவிட்டைப் போகேல்லை. ரெண்டு பஸ் மாறவேணும்."

தம்பி குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அஸ்தியை அங்கே அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் ஒருமுறையும் அந்தப் பக்கம் போனதில்லை என்று அவருடைய மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, திரும்பவும் கட்டினார்.

"என்னட்டைக் கார் இருக்கு," என்றார்.

வாசலில் நின்று பார்த்தோம். தமக்கை முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டார், மகள் பின்னால். கார் உடனே வெளிக்கிடவில்லை. எந்த வழியால் போவது என்று உள்ளே இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டிக் கதைத்தார்கள். கடைசியில் தமக்கை காட்டிய பக்கமாகத்தான் கார் திரும்பியது.

இது நடந்தது போன வருடம். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறார்கள். முதலில் தாயிடம் போய், பிறகு எங்களிடம். எங்கள் மகள் தன் சிநேகிதிகளை எல்லாம் கூட்டிவந்து பெட்டியைக் காட்டுகிறாள். தாடிக்கிழவரின் காதைத் தமக்கை திருத்தித் தந்துவிட்டார். நான் தேடுவதை விடவில்லை, வயலட் அங்கியில் ஒருத்தி லீட்ஸ் பக்கம் விலைக்கு வந்திருக்கிறாள், விரல்கள் நன்றாக இருக்கின்றன.

இந்த ஞாயிறும் வருகிறார்கள். என்னை நண்டு வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள் மனைவி. நாங்கள் நண்டை அளவுக்கு மிஞ்சி அவிக்கிறோமாம், தமக்கை தானே சமைத்துக் காட்டப்போகிறாராம்.

"வந்து காட்டட்டும், பாப்பம்," என்கிறாள் மனைவி. பெரிய சட்டியை இப்போதே கழுவிக் கவிழ்த்திருக்கிறாள்.